பைல் கட்டும் ஒரு பெண்ணின் காமிராவும்

(திருப்பதியில் நடந்த நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்குப் புகைப்படக் கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்தவுடன் சில தோழர்கள் சிரித்தார்கள். "மனைப் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் ஜனங்கள் அலைந்துகொண்டிருக்கிற நேரத்தில் போட்டோ பிடிக்கிறவரைப் பற்றி என்ன பேச்சு?" என்று ஒரு தோழர் கேட்டே விட்டார். கேள்வி நியாயமானது. நாம் பேசப் போவதும் பட்டாவையும் சான்றிதழையும் பற்றித்தான். அவை கிடக்கிற அறைக்குள் காமிராவோடு நுழைந்த ஒரு பெண்மணியின் வழியாக அந்தப் பேச்சுக்கு வரப் போகிறோம்.

முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்வோம். நம்மை இந்த நாடு எப்போது படம் எடுத்திருக்கிறது? ரேஷன் கார்டுக்கும் வாக்காளர் அட்டைக்கும் எடுத்த படம் ஒன்று. அதில் நம் முகம் நமக்கே அடையாளம் தெரியாது. இன்னொன்று, பத்திரிகையில் வரும் படம். 2015 ஏப்ரல் 7 அன்று இந்தத் திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலிகள் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரி முதலான மாவட்டங்களிலிருந்து மரம் வெட்ட அழைத்து வரப்பட்டவர்கள். தாங்கள் தாக்கப்பட்டதால் சுட்டதாகப் போலீஸ் தரப்பு சொன்னது. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அதற்குள் படங்கள் நாடெங்கும் வந்துவிட்டன. வெயிலில் கிடக்கும் உடல்கள், பக்கத்தில் செம்மரக் கட்டைகள். அந்த மனிதர்கள் உயிரோடிருந்தபோது எந்தக் காமிராவும் அவர்களைத் தேடி மலைக்கிராமத்துக்குப் போகவில்லை. செத்துக் கிடந்தபோது எத்தனையோ காமிராக்கள் வந்தன. பெயருக்கு முன்னால் பிணம் அச்சானது.

ஏழையின் முகம் நம் நாட்டில் மலிவான சரக்கு. இந்த வியாபாரம் வேண்டாம் என்று கையை உதறிக்கொண்டு வேறு வழியில் போனவர் என்பதால்தான் தயாநிதா சிங் அம்மையாரைப் பற்றி இங்கே பேசுகிறோம்.

பெண் கையில் காமிரா

நம் நாட்டில் காமிராவைக் கையில் எடுத்த முதல் பெண்மணி இவர் அல்ல. குஜராத்தில் நவ்சாரியில் 1913-ல் பிறந்த பார்சிப் பெண்மணி ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். அவர் எடுத்த தொடக்க காலப் படங்கள் அவருடைய கணவர் பெயரில்தான் அச்சாயின. பெண் எடுத்த படம் என்றால் மதிப்பிருக்காது என்ற காலம் அது. சுதந்திரம் வந்த நாட்களையும் நேருவையும் மவுண்ட்பேட்டனையும் அவர் படமெடுத்தார். 1970-ல் காமிராவைக் கீழே வைத்துவிட்டார். 2011-ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். 2012-ல் காலமானார். உழைப்பு ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்பது நமக்குப் புதிய செய்தியா? வீட்டில் பூக்கட்டும் நம் பெண்களின் கணக்கும் குடும்பத் தலைவர் பெயரில்தானே எழுதப்படுகிறது!

தயாநிதா சிங் 1961-ல் டெல்லியில் பிறந்தவர். அவருடைய தாயார் நோனி சிங்கும் படம் எடுக்கும் பழக்கம் உள்ளவர். தன் மகள்களை ஓயாமல் படம் எடுத்த தாய். மகள் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் படித்தார், பிறகு நியூயார்க்கில் புகைப்படம் பயின்றார். மாணவியாக இருந்தபோது தபேலா மேதை ஜாகிர் உசேனின் கச்சேரியைப் படமெடுக்கப் போனார். நிகழ்ச்சிக்காரர் ஒருவர் பிடித்துத் தள்ளியதில் கூட்டத்தின் முன்னால் கீழே விழுந்தார். இன்னொருவராயிருந்தால் அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருப்பார். இவரோ ஜாகிர் உசேனிடமே நேராகப் போய்ப் பேசினார். அந்தத் துணிச்சலால் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அந்தக் கலைஞரோடு பயணம் செய்து படமெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. 1986-ல் அது அவருடைய முதல் புத்தகமாக வந்தது.

பிறகு வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு வேலை செய்தார். அவர்கள் இந்தியாவிலிருந்து என்ன கேட்பார்கள்? பாலியல் தொழில், குழந்தை உழைப்பு, பட்டினி, நோய். வெள்ளைக்காரன் மனதில் இந்தியா எப்படி இருக்கிறதோ அப்படியே படம் போய்ச் சேர வேண்டும். சில ஆண்டுகள் செய்துவிட்டு, இந்த வேலை தனக்கு வேண்டாம் என்று முடிவுக்கு வந்தார். அந்த மனமாற்றத்தின் நடுவில் ஒரு சம்பவம் இருக்கிறது. இன்றைய பேச்சில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

1989-ல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்காக டெல்லியில் திருநங்கைகளைப் படமெடுக்கப் போனார். மோனா அகமது என்பவர் படமெடுக்கச் சம்மதித்தார். பேச்சின் நடுவில், இந்தப் படங்கள் லண்டனில் வெளியாகும் என்று மோனாவுக்குத் தெரிய வந்தது. அங்கே தனக்கு உறவினர்கள் இருப்பதால் பிலிமைத் திருப்பித் தரும்படி கேட்டார். படச்சுருள் என்பது பத்திரிகைப் புகைப்படக்காரருக்கு அன்றைய கூலி, அன்றைய பெயர், நாளைய வாய்ப்பு. தயாநிதா அதைக் காமிராவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்த நாளில் தொடங்கிய நட்பு, மோனா 2017-ல் காலமாகும் வரை நிலைத்தது. 2001-ல் வந்த 'நான், மோனா அகமது' என்ற புத்தகத்தில் படங்களோடு மோனாவே எழுதிய கடிதங்களும் சேர்ந்தன. டெல்லியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் வாழ்ந்த மோனா, தன் கதையைத் தானே சொன்னார்.

தோழர்களே, இதன் பொருள் என்ன? கேட்டால் திருப்பிக் கொடுக்கிறவரிடம்தான் ஜனங்கள் தங்கள் கதையை ஒப்படைப்பார்கள். இது போட்டோகிராபருக்கு மட்டுமா? மனு எழுதிக் கொடுக்கிற நமக்கும், சங்கம் நடத்துகிற நமக்கும் இதுவே விதி.

ரெக்கார்டு ரூமில் ஒரு பெண்மணி

ஏழைகளின் முகத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவதை நிறுத்திய பிறகு இவர் வசதியுள்ள குடும்பங்களின் வீடுகளைப் படமெடுத்தார், ஆளில்லாத அறைகளையும் நாற்காலிகளையும் தொழிற்சாலைகளையும் எடுத்தார். அவற்றை இன்று விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது 2013-ல் ஜெர்மனியின் ஸ்டைடல் பதிப்பகம் வெளியிட்ட புத்தகம். தமிழில் சொன்னால் 'பைல் அறை'.

அதில் என்ன இருக்கிறது? நாம் தினமும் பார்ப்பதுதான். தரையிலிருந்து கூரை வரை அடுக்கிய காகிதக் கட்டுகள், இரும்பு ரேக்குகள், மர அலமாரிகள், ஓரம் மடங்கிப் பழுத்த தாள்கள், கயிறு போட்டுக் கட்டிய மூட்டைகள். அவற்றுக்கு நடுவே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ரெக்கார்டு கீப்பர். எல்லாம் கறுப்பு வெள்ளை. பின்னால், பழைய பதிவுகளைக் கட்டி வைத்த சிவப்புத் துணி மூட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாக வண்ணத்தில் எடுத்தார். வெயிலிலும் காலத்திலும் சிவப்பு வெளுத்து, ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு நிறமாகிவிட்டது. முடிச்சு மட்டும் அவிழாமல் இருக்கிறது.

ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கிற நமக்கு அந்தப் படங்களைப் பார்த்தவுடன் மூக்கில் தூசி ஏறுகிறது. சர்வீஸ் ரிஜிஸ்டர், லீவு கணக்கு, செட்டில்மெண்ட் பைல் என்று நம் வாழ்க்கையே அந்த ரேக்குகளுக்கு நடுவில்தான் போகிறது. ஆனாலும் அந்த அறையை ஒரு காட்சியாக நாம் ஒருநாளும் பார்த்ததில்லை. நமக்கு அது வேலை. மனுவோடு ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ஆளுக்கோ அது சுவர். உள்ளே என்ன இருக்கிறது, யார் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. அந்தச் சுவருக்கு உட்புறத்தை இந்த அம்மையார் காட்டினார். ஏழையின் முகத்தை எடுத்தவர்கள் ஏராளம். ஏழையின் தலையெழுத்தை அடுக்கி வைத்திருக்கும் அறையை எடுத்தவர் இவர்.

இங்கே நம் சங்கத்துக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கூலி வேலை செய்து இறந்துபோன ஒரு தோழரின் மனைவிக்கு வரவேண்டிய பணம் மூன்று ஆண்டுகள் வரவில்லை. எந்த அலுவலகம் என்று சொல்லத் தேவையில்லை. காரணம் என்ன தெரியுமா? நாம் பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தைப் போடுகிறோம். தெலுங்கு வழக்கத்தில் முன்னால் நிற்பது வீட்டுப் பெயர், அதாவது 'இண்ட்டி பேரு'. எழுதியவர் ஒருவர் தகப்பனார் பெயரை வீட்டுப் பெயர் என்று எடுத்துக்கொண்டு முழுதாக எழுதிவிட்டார். அந்த அம்மாவின் காகிதத்தில் வேறு எழுத்து இருந்தது. கணவர் ஒரு குடும்பம், மனைவி வேறு குடும்பம் என்று ஆகிவிட்டது! பதினெட்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்களை ஓர் எழுத்து பிரித்துவிட்டது.

கடைசியில் தீர்த்து வைத்தவர் அதிகாரி அல்ல. ஓய்வு பெறும் நிலையில் இருந்த ஒரு ரெக்கார்டு அட்டெண்டர். ஆண்டைச் சொன்னதும் கண்ணை மூடி யோசித்தார். ஏணியை நகர்த்தி மூன்றாவது ரேக்கில் ஏறினார். பழைய ரிஜிஸ்டர் கையோடு இறங்கினார். கணவர் முதலில் சேர்ந்தபோது கைநாட்டு வைத்த பக்கம் அதில் இருந்தது, மனைவி பெயரும் இருந்தது. அந்தப் பெரியவர் போன பிறகு அந்த ரேக்கின் கணக்கு யாருக்குத் தெரியும்? தயாநிதா சிங் தம் படங்களில் ரெக்கார்டு கீப்பர்களை மரியாதையோடு உட்கார வைத்திருப்பதன் நியாயம் நமக்கு அன்றுதான் புரிந்தது.

நம் குற்றத்தையும் சொல்லிவிடுவோம். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து "நாளைக்கு வா" என்று சொன்னவர்களில் நாமும் உண்டு. பைல் கிடைக்கவில்லை என்று எழுதுவது எளிது. ஏணியில் ஏறுவது கஷ்டம்.

நம் மண்ணில் பைல் என்றால்

சித்தூர், திருப்பதித் தமிழர்களுக்கு இது ஏன் மற்றவர்களைவிட அதிகம் பொருந்துகிறது? நாம் நகராமல் இருந்தபோதும் நம் தலைக்கு மேல் எல்லைகள் நகர்ந்திருக்கின்றன. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர் சித்தூர். அந்த ஆண்டு ஏப்ரல் 1-ல் சித்தூர் தனி மாவட்டமானது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதனோடு போனது. 1960 ஏப்ரல் 1-ல் படாஸ்கர் முடிவின்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திரத்துக்கு வந்தன. 2022 ஏப்ரல் 4-ல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஒவ்வொரு முறையும் எல்லை மாறினால் யார் வண்டி ஏறுகிறார்கள்? மனிதர்கள் அல்ல, பைல்கள். தாத்தாவின் கிரயப் பத்திரம் தமிழில், பேரனின் அடங்கல் தெலுங்கில், நடுவில் எந்த மூட்டை எந்த ஊரில் அவிழ்க்கப்பட்டது என்று யாருக்கும் தெரியாது.

பிழைக்க வந்தவர்கள் நிலை இன்னும் கடினம். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதி என்ற உரிமை, இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் கூடவே வராது என்று 1990-ல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் பட்டியல் சாதிப் பிள்ளைக்குச் சான்றிதழ் கேட்டுப் போகும் தாயிடம், குடியரசுத் தலைவரின் உத்தரவு வந்த 1950 ஆகஸ்ட் 10 அன்று உன் மாமனார் குடும்பம் எங்கே குடியிருந்தது என்ற கேள்வி வருகிறது. அன்றைக்குப் பிறக்காத ஒரு பெண் அதற்கு எப்படி விடை சொல்வாள்? விடை ஏதாவது ஒரு ரேக்கில் இருந்தால்தான் உண்டு.

ரயில்வேயிலும் இதுவே கதை. 1985-ல் இந்தர் பால் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டுமானப் பிரிவுகளின் தற்காலிகக் கூலித் தொழிலாளரை நிரந்தரமாக்கும் திட்டத்தை ஏற்று உத்தரவிட்டது. பெரிய வெற்றிதான். ஆனால் வேலை செய்த நாட்களுக்கு அத்தாட்சி வேண்டும். தண்டவாளம் போட்ட கைக்கு அத்தாட்சி தண்டவாளம் அல்லவா என்று நம் மூத்தவர்கள் கேட்டார்களாம். தண்டவாளத்தில் யார் பெயரும் எழுதியிருக்காது. அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தவர் உள்ளே போனார். குடிசை ஒழுகி அட்டை நனைந்தவர் வெளியே நின்றார்.

2020 டிசம்பரில் ஆந்திர அரசு நில மறு அளவையைத் தொடங்கிற்று. அலுவலகங்களில் காகிதம் கம்ப்யூட்டருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அதில் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் தவறாக எழுதிய எழுத்து கம்ப்யூட்டருக்குள் போனால் அங்கேயும் தவறாகத்தான் இருக்கும். அப்போது அதைத் திருத்த, ஏணி போட்டு ஏறும் பெரியவரும் இருக்கமாட்டார்.

குறையும் படிப்பினையும்

இந்த அம்மையாரைப் புகழ்ந்துவிட்டு மட்டும் போக நாம் வரவில்லை. அவருடைய படங்களுக்குக் கீழே எழுத்து கிடையாது. எந்த ஊர், எந்த அலுவலகம், உட்கார்ந்திருப்பவர் யார் என்று போட மாட்டார். பார்க்கிறவர் தாமே கதை சேர்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் கொள்கை. கலைக்கு அது அழகாயிருக்கலாம். பெயரில் ஓர் எழுத்து பிசகி மூன்று ஆண்டுகள் அலைந்தவர்களுக்கு அந்தக் கொள்கை ஒத்துவராது. இன்னொரு குறையும் உண்டு. அவர் படங்கள் லண்டனிலும் பெர்லினிலும் கண்காட்சியாகின்றன, 2022-ல் சுவீடனின் ஹாசல்பிளாட் பரிசு கிடைத்தது. தெற்காசியாவிலிருந்து அந்தப் பரிசைப் பெற்ற முதல் கலைஞர் அவர். பெருமைதான். ஆனால் அந்த ரேக்குகளில் பெயர் கிடக்கிறவர்கள் இந்தப் புத்தகங்களைக் கண்ணால் பார்க்கவும் வழியில்லை, விலையும் எட்டாது.

இருந்தாலும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. படங்களைப் பெரிய மாளிகைச் சுவரில் மாட்டினால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. திறந்து மூடவும் படங்களை மாற்றி வைக்கவும் கூடிய மரச் சட்டங்களைச் செய்து, அவற்றுக்கு 'மியூசியம் பவன்' என்று பெயர் வைத்தார். 2017-ல் அதையே ஒரு பெட்டிக்குள் ஒன்பது சிறு புத்தகங்களாக வெளியிட்டார். ஒவ்வொன்றையும் விரித்தால் நீண்ட தாளாக மேசைமேல் நிற்கும், அதுவே ஒரு கண்காட்சி. அருங்காட்சியகத்துக்கு அரசாங்கம் கட்டிடம் தர வேண்டியதில்லை, ஒரு பெட்டி போதும் என்பதுதான் இதில் நமக்குள்ள செய்தி.

நம் திருமலையிலும் அப்படி ஓர் அறை உண்டு. அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகளைப் பொறித்த செப்பேடுகள், கோயிலுக்குள்ளே ஒரு சிறு அறையில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்து, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வெளிச்சத்துக்கு வந்தன. அதே கோயில் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் நிறைந்திருக்கின்றன. தெலுங்கும் தமிழும் ஒரே மலையில் எழுதி வைக்கப்பட்டதால்தான் இன்று இரண்டுக்கும் சாட்சி இருக்கிறது. எழுதி வைக்காதவர்கள் அந்த மலையில் ஏறவே இல்லையா? படி கட்டியவர்கள், பூக்கட்டியவர்கள், மூட்டை சுமந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களில் எத்தனை பேருக்கு ஒரு வரி இருக்கிறது?

ஆகவே நம் சங்கத்துக்கு மூன்று வேலைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, சங்கத்தில் ஒரு பெட்டி. ஒவ்வொரு குடும்பமும் தன் பழைய காகிதங்களைக் கொண்டுவரட்டும். கிரயப் பத்திரம், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, கூலி அட்டை எதுவானாலும் சரி. கைபேசியிலேயே படமெடுத்து, நகல் எடுத்துப் பெட்டியில் வைப்போம். அசலை அன்றே கையில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். வேண்டாம் என்று சொன்னால் நகலையும் கொடுத்துவிடுவோம். மோனாவின் பிலிமை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் எழுத்து. பெயர், தகப்பனார் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் தமிழிலும் தெலுங்கிலும் இருக்க வேண்டும். இரண்டிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்று நம் தெலுங்குத் தோழர் ஒருவர் சரிபார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் தயாநிதா அம்மையார் வழி அவருக்கு, நம் வழி நமக்கு.

மூன்றாவது, இந்த வேலையை நம் வீட்டுப் பெண்கள் கையில் கொடுக்க வேண்டும். எந்தக் காகிதம் எந்தத் தகரப் பெட்டியில், எந்தப் புடவை மடிப்பில் இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் ரெக்கார்டு கீப்பர் அவர்களே. ஹோமாய் அம்மையாருக்கு நேர்ந்ததுபோல அவர்கள் உழைப்பு இன்னொருவர் பெயரில் போகாமல், பதிவு செய்தவர் பெயரும் பெட்டியில் இருக்கட்டும்.

கூட்டம் முடிந்ததும் கலைந்துவிட வேண்டாம். இந்த மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் ஒரு பெயர் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. மூன்று ஆண்டுகள் அலைந்த அந்த அம்மாவின் பெயர் அது. கைநாட்டு வைக்கிறவர், கையெழுத்துப் போடப் பழகி, தாமே எழுதியது. எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கிறது, பிழை இல்லை. அதற்குக் கீழே உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.